முன்னே ஏழு, இப்போது ஆறு

அன்றைக்கு மாட்டுத்துறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. அதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்கு மனசு நிற்காது. இப்போது சாமியேரிப் பக்கம் எவரைக் கேட்டாலும், "நான் அங்கேதானுங்க நின்னேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்கிறார்கள். போன மாதம் வரை என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தத் துறைப்படியில் அத்தனை பேர் நிற்க முடியாது. நெருக்கி நின்றால் நாற்பது பேர் நிற்கலாம்.

இருந்தது பதினொரு பேர். நந்தீசுவரர் கோயில் பூசாரி ஒருவர். தரகர் குப்பண்ணன். பாவாயி. அவளுடைய தம்பி தங்கமுத்து. அடிமாட்டு லாரிக்காரர் தேவராசு. அவருடைய டிரைவர். டீக்கடைக்கார அம்மாள், அவள் மூன்றாம் படியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரர், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், ஆனாலும் உடம்பு அங்கே இருந்ததால் கணக்கில் சேர்த்திருக்கிறேன். காங்கயம் பக்கத்திலிருந்து மாடு வாங்க வந்திருந்த ஒரு புருஷன், அவர் பெண்சாதி. பத்து. பதினொன்றாவது நான். இதைத் தவிர ஒரு பசு.

பஸ் குலுக்கலில் கோணிப்பை உங்கள் காலில் இடிக்கிறதா? இந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். பருத்திக்கொட்டைதான். ஐந்து கிலோ.

சாமியேரி மாட்டுச்சந்தைக்கு நீங்கள் வந்ததில்லையா? மாசி மகத்தை ஒட்டி மூன்று நாள். சந்தை என்றால் சும்மா சந்தை இல்லை. சாமி ஏரியில் இறங்கித் தீர்த்தமாடும். அதே ஏரியில் மாடுகளும் இறங்கும். அதற்குத் தனித்துறை உண்டு. விற்க வருகிற மாடு எதுவானாலும் முதலில் ஏரியில் மூன்று முழுக்குப் போட வேண்டும். முழுக்குப் போட்டு, இருபத்திரண்டு படி ஏறி மேலே வந்தால் ஒரு கல்தூண். அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் நான் நிற்பேன். மாட்டின் உடம்பில் மயிர் எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து எண்ணிச் சொல்வது என் வேலை. நல்ல சுழி மட்டும் இருந்தால் கொம்பில் மஞ்சள் கயிறு கட்டுவேன். கெட்ட சுழி இருந்தால் கயிறு இல்லை. கயிறு இல்லாத மாட்டை எவரும் தொட மாட்டார்கள்.

முப்பத்தோரு வருஷமாக இந்த வேலை. ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு மாடு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு; பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரியும். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. எந்த மாட்டுக்கும் முப்பத்திரண்டு சுழிக்கு மேல் நான் பார்த்ததில்லை.

ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படி. எனக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் "பையன் ஊமைங்களா?" என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் பெண்ணே கேட்டது. அதோடு விட்டாகிவிட்டது. சந்தையில் நான் எண்ணினதைக் குப்பண்ணன் காதில் சொல்வேன். அவர் கூவுவார். கூப்பிட்டால் எட்டு மைலுக்குக் கேட்கும். கண் என்னுடையது, வாய் அவருடையது. முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான் ஓடியது.

இனி அந்தப் பசுவுக்கு வருகிறேன்.

முதல் நாள் விடிந்து கொஞ்ச நேரம். பதினாலாவது மாடாக ஏறி வந்தது. மயிலைப் பசு, சாம்பல் பூத்த வெள்ளை, இரண்டாம் ஈற்று, பேர் தும்பை. கயிற்றைத் தங்கமுத்து பிடித்திருந்தான். பின்னால் அவன் அக்கா பாவாயி. பாவாயிக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயசு இருக்கும். புருஷன் தவறிப்போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு கிடாரிக் கன்று. அதுதான் வளர்ந்து தும்பை ஆகியிருந்தது. ஆனால் தம்பி வீட்டில் சோறு தின்கிறவள் கையில் மாட்டுக் கயிறு எத்தனை நாளைக்கு நிற்கும்? தங்கமுத்துவுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மேல் கண். பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

எண்ணினேன். நெற்றியில் ஒன்று. கழுத்தில் இரண்டு. தாடைக்குக் கீழே ஒன்று. முதுகில் ஒன்று. வலது விலாவில் ஒன்று. ஆறு. ஆறும் நல்ல சுழி. கயிற்றை எடுத்துவிட்டேன். அப்புறம் திமிலுக்குப் பின்னால், இடது பக்கம், விரலை வைத்தால் அங்கே இன்னொன்று. மயிர் கெட்டியாக, திருகு ஆணி மாதிரி முறுக்கி நின்றது.

அந்த இடத்தில் இருந்தால் அதற்குப் பேர் பெண்டிழந்தான் சுழி. வாங்குகிறவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பான் என்று கணக்கு.

கயிற்றை மடியில் திருப்பி வைத்துவிட்டுக் குப்பண்ணன் காதில் சொன்னேன். அவர் ஒரு தடவை இருமிவிட்டுக் கூவினார்: "மயிலைப் பசு, சுழி ஏழு! ஏழாவது பெண்டிழந்தான்! பெண்டாட்டி மேல ஆசை இருக்கறவன் எல்லாம் ஒதுங்கி நில்லுங்கோ!"

கூட்டம் சிரித்தது. காங்கயத்துக்காரர் முன்னால் வந்து, "ஏனுங்க, அந்தச் சுழிக்கு உத்தரவாதம் உண்டுங்களா? எத்தனை மாசத்துல வேலை செய்யும்?" என்று கேட்டார். அவர் பெண்சாதி பின்னால்தான் நின்றாள். கையில் இருந்த பனையோலைக் கூடையால் முதுகில் ஒரு போடு. "வீட்டுக்கு வா, உன்ற சுழியை நான் எண்ணறேன்" என்றாள்.

தங்கமுத்து என்னைத் திட்டினான். இருபது நிமிஷம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முகத்தைப் பசுவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பாவம், எப்படி அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் ஏழு என்றால் ஏழுதான். அழுகைக்காக ஒன்றைக் குறைக்க முடியுமா?

அன்றைக்குத் தும்பையைப் பார்க்க ஒன்பது பேர் வந்தார்கள். கொம்பில் கயிறு இல்லாததைப் பார்த்து ஒன்பது பேரும் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர் பெண்சாதியை இழந்தவர். அவர் மட்டும் யோசித்தார். பிறகு, "ரெண்டாவது கட்டலாம்னு இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குப்பண்ணன் என்னை விடுவாரா? "ஏப்பா அர்த்தனாரி, உனக்கு இழக்கறதுக்குப் பெண்டாட்டியே இல்லியே! நீ புடிச்சுக்க" என்றார். சுழி பார்க்கிறவன் அந்தச் சந்தையில் மாடு வாங்கக்கூடாது. அது பழைய கட்டு. வாங்கினால், தனக்கு மலிவாக வரட்டும் என்று சுழி சொன்னான் என்பார்கள். அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். "நீ மாட்டைச் சொல்றியா, மாட்டுக்காரியைச் சொல்றியா?" என்றார். அவருக்கு எப்போதும் விளையாட்டுதான்.

பாவாயியைப் பார்த்துத்தான் எனக்கு ஆச்சரியம். இரண்டு நாளும் சந்தைக்குள் சுற்றினாள். பொரி வாங்கித் தின்றாள். ராட்டினம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிப் போட்டுக்கொண்டாள். தும்பைக்குக் கழுத்துமணி பார்த்தாள். சிலருக்குத் துக்கம் அதிகமானால் அப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தங்கமுத்து நேராக லாரிக்காரர் தேவராசுவிடம் போனான். ஒவ்வொரு வருஷமும் சந்தை முடிகிற சமயம் அவருடைய லாரி ஏரிக்கரை ஓரமாக வந்து நிற்கும். கயிறு கட்டாத மாடெல்லாம் அதில்தான் ஏறும். அது அறுப்புக்குப் போகிற லாரி. அதில் ஏறின மாடு திரும்பி வருவதில்லை. "நாளைக்குக் காலையில துறைக்கு வந்து புடிச்சுக்கங்க" என்று சொல்லி முன்பணமும் வாங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் விடியற்காலை நான் தூணுக்குப் பக்கத்தில் கயிறுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். பாவாயி வந்து நின்றாள். கையில் பச்சை வளையல் பன்னிரண்டும் இருந்தன. முகத்தில் முதல் நாளையச் சாயல் துளிகூட இல்லை.

"சுழிக்காரரே, ஒரு வார்த்தை பேசோணும்."

நான் படியைப் பார்த்தேன்.

"நீங்க எண்ணின ஏழு தப்புங்க."

"நான் எண்ணினது தப்பாகாது" என்றேன். எனக்கே தெரியாமல் வாய் வந்துவிட்டது.

"எண்ணினது தப்பில்லீங்க. எண்ண வெச்சது நானு."

பத்து நாளாக ராத்திரி ராத்திரி விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து, அந்த இடத்து மயிரைத் திருகித் திருகி விட்டிருக்கிறாள். கெட்ட சுழி என்று சொல்லிவிட்டால் மாடு விலை போகாது, வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எந்த இடத்தில் எந்தச் சுழி என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பதினாறு வருசமா உங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானுங்க போறேன்" என்றாள். அவள் வருஷா வருஷம் சந்தைக்கு வருகிறவள். எனக்கு அது தெரியாது. நான் மாட்டைத்தானே பார்க்கிறேன்.

"லாரி வரும்னு நெனைக்கலீங்க. அடிமாட்டுக்குக் குடுப்பான்னு சத்தியமா நெனைக்கல. சும்மா ஓட்டிக்கிட்டு வந்துருவான்னு நெனைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது, தம்பி. மறைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம், ஆறாயிரத்துச் சொச்சம் மாடு, ஒரு பிசகு கிடையாது. விளக்கெண்ணெயில் கவிழ்த்துவிட்டாளே! முதல் நாள் எனக்குச் சளி. இல்லாவிட்டால் எண்ணெய் வாடை தெரிந்திருக்கும்.

"சொல்லிவிடுகிறேன்" என்றேன். "நடந்ததைக் கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன்."

"சொல்லுங்க. என்னைய ஏழு வருசம் சந்தைக்கு வரக் கூடாதும்பாங்க. அவ்வளவுதானுங்களே." மாட்டின் மேல் கள்ள வேலை செய்தவர்களுக்குச் சாமியேரியில் அதுதான் தண்டனை. கோயிலில் நிறுத்தி வைத்துப் பேரைச் சொல்லுவார்கள். "எம்பேரைச் சொன்னாப் பரவாயில்லீங்க. அரப்புத்தூள் போட்டுத் தேச்சா எண்ணெய்ப் பிசுக்கு விட்டு அந்தச் சுழி போயிரும். நீங்க எண்ணி, ஆறுன்னு சொல்லிப் போடுங்க. எவனாவது காடுகரை இருக்கற சம்சாரி வாங்கிட்டுப் போகட்டும். எங்கயோ ஒரு கட்டுத்தரையில உசுரோட நிக்கட்டும். எனக்கு அது போதும்."

மாட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதற்காக அத்தனை திருகு திருகினவள் இப்படிச் சொல்கிறாள்.

நான் படியை எண்ணினேன். இருபத்திரண்டு. எப்போதும் இருபத்திரண்டுதான். ஆனாலும் எண்ணினேன்.

"அரப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். கொண்டுதான் வந்திருந்தாள்.

அவள் தும்பையை ஏரிக்குள் இறக்கி, அரப்புப் போட்டுத் தேய்த்தாள். கேட்டவர்களிடம், "போறதுக்கு முன்னால ஒருதரம் நல்லா குளிப்பாட்டி அனுப்பறேன்" என்றாள். தங்கமுத்து, "அடிமாட்டுக்கு எதுக்கு அலங்காரம்?" என்றான். லாரிக்காரர் தேவராசு நல்ல மனுஷர். "தேய்க்கட்டும் விடுப்பா, லாரி ஒண்ணும் ஓடிப்போயிறாது" என்றார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தூணுக்கு மூன்று படி கீழே நின்றார்.

மூன்று முழுக்கு. தும்பை படியேறி வந்தது. நான் விரலை வைத்தேன். திமிலுக்குப் பின்னால் மயிர் வழவழவென்று படிந்து கிடந்தது. நெற்றியிலிருந்து ஆரம்பித்து எண்ணினேன். ஆறு. இரண்டாம் தடவை எண்ணினேன். ஆறு.

குப்பண்ணன் காதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இரண்டு நாள் கூவியதில் தொண்டை அடியோடு கட்டிப்போய்விட்டது. கையை விரித்துக் காட்டினார்.

தேவராசு கயிற்றை நீட்டி இரண்டு படி மேலே வந்துவிட்டார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். பாவாயி செய்ததைச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் விடவும் முடியாது. பொய் சொல்ல எனக்குத் தெரியாது. நான் எண்ணினதைத்தான் சொல்ல முடியும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்:

"முன்னே ஏழு. இப்போது ஆறு."

சத்தம் கீச்சென்று வந்தது. ஆனாலும் வந்தது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தோரு வருஷத்தில் என் குரலை அவர்கள் கேட்டதில்லை அல்லவா? டீக்கடை அம்மாள் கையிலிருந்து ஒரு தம்ளர் நழுவிப் படியில் உருண்டது. பூசாரிதான் முதலில் கேட்டார்: "என்னப்பா சொல்ற? சுழி எங்க போச்சு?"

"தெரியவில்லை. முதல் நாள் இங்கே இருந்தது. இப்போது இல்லை."

"ஏரியில எறங்குச்சு. ஏறுச்சு. சுழி இல்லீங்களா?"

"இல்லை."

பூசாரி மெதுவாகத் திரும்பி ஏரியைப் பார்த்தார். கையைக் குவித்தார். அவ்வளவுதான். டீக்கடை அம்மாள் குலவை போட்டாள். அந்தச் சத்தத்தில் போலீஸ்காரர் எழுந்து, எதற்கு என்று தெரியாமலே தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குரல் இல்லாத குப்பண்ணன் டீக்கடைத் தகரத்தை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். காங்கயத்துக்காரர் தன் பெண்சாதியைப் பார்த்து, "அப்பாடா, நீ பொழைச்சே" என்றார். அவள் அன்றைக்குக் கூடையை எடுக்கவில்லை. அத்தனை மரியாதையாக ஏரியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஏரி சுழியைப் போக்கியது என்று நான் சொல்லவே இல்லை. ஏழு என்றேன். அன்றைக்கு ஏழு இருந்தது. ஆறு என்றேன். அன்றைக்கு ஆறு இருந்தது. இரண்டில் எது பொய்? நடுவில் என்ன நடந்தது என்று பூசாரி கேட்டபோது தெரியவில்லை என்றேனே, அது ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் அவள் ராத்திரியில் திருகியதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

கால் மணி நேரத்தில் சந்தை முழுக்கத் துறைக்கு வந்துவிட்டது. தும்பையைச் சுற்றி விலை கேட்கிறவர்கள். துண்டுக்கடியில் தங்கமுத்துவின் கையை ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்து விரலை அழுத்தி விலை சொல்கிறார்கள். அவன் முகம் மோட்டார் சைக்கிள் விளக்கு மாதிரி பிரகாசித்தது. பாவாயி ஓரமாக நின்று பசுவின் காதை வருடிக்கொண்டிருந்தாள். எவனாவது சம்சாரி வாங்கட்டும் என்றவள்தான். ஆனாலும் விலை ஏற ஏற அவள் முகம் இறங்கியது. நான் பார்த்தேன். மாட்டைப் பார்க்கும்போது பக்கத்தில் அவளும் இருந்ததால் பார்த்தேன்.

திடீரென்று அவள் சத்தமாகக் கேட்டாள்: "பூசாரி சாமி! ஏரி தொட்டுக் குணப்படுத்தின மாட்டை விலைக்கு விக்கலாமுங்களா?"

பூசாரி தாடையைத் தடவினார். அதற்கு முன்னால் அவரிடம் எவரும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் முந்நூறு பேர் அவர் வாயைப் பார்க்கிறார்கள்.

"அதெப்படி விக்கறது?" என்றார். "வித்தா, ஏரிக்கே விலை போட்ட மாதிரி ஆகாதா?"

"அப்படிச் சொல்லுங்க சாமி" என்று கூட்டம் சொன்னது. சற்று முன்னால் துண்டைப் போட்டு விரல் அழுத்தினவர்களே முன்னால் நின்று சொன்னார்கள்.

தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். தேவராசுவிடம் முன்பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தான். கயிறு பாவாயி கைக்குப் போனது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பசுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். முதல் நாள் மாதிரியே தோள் குலுங்கியது. சந்தோஷத்திலும் அவளுக்கு அழுகைதான் வருகிறது.

இப்போது தும்பை அவளிடம்தான் இருக்கிறது. நான் மாதம் ஒரு தடவை போய்ச் சுழியை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு தடவை எண்ணினதை மறுபடி எண்ணுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இது ஒரு மாதிரியான கேஸ். திரும்ப வந்துவிட்டால் என் வாக்கு என்னாவது? இது பத்தாவது தடவை. ஒன்பது தடவையும் ஆறுதான். எண்ணி முடித்த பிறகு அவள் காபி தருகிறாள். போன மாதம், "எண்ணிக்கை சரியாத்தான் இருக்குது, ஆனாலும் அடுத்த மாசமும் ஒருக்கா வந்து பாத்துருங்க" என்றாள். பொறுப்பான பெண். எனக்கு வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். அவளே பேசிக்கொள்கிறாள். நான் தலையாட்டுகிறேன். போன தடவை நான் பேசினது பதினேழு வார்த்தை. அதற்கு முந்தின தடவை பதினொன்று.

அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். அதற்குள் அன்றைய மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தும்பை பாவாயி கைக்குப் போனதும் கூட்டம் லாரிப் பக்கம் பாய்ந்தது. முந்தின நாளே கெட்ட சுழி மாடுகளை லாரியில் ஏற்றிவிட்டவர்கள், "என்ற மாட்டை இறக்கு! என்ற மாட்டை இறக்கு! நானும் முழுக்குப் போடறேன்!" என்று பலகையைத் தட்டினார்கள். தேவராசு தலையில் கையை வைத்துக்கொண்டார். "சாமி, நான் வயித்துப் பொழைப்புக்கு வந்தவன்! ஏரி என்ற லாரியையும் கொஞ்சம் நெனைச்சுப் பாக்கோணும்!" என்றார். டிரைவர் பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். இறங்குகிற மாட்டுக்குக் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

வரிசையாக ஏரியில் இறக்கினார்கள். அரப்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் முழுக்கு. அதில் ஒரு காளை நடு ஏரிக்கு நீந்திப் போய்விட்டது. தெப்பம் கட்டுகிறவர்கள்தான் மடக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு எருமையையும் எவரோ கொண்டுவந்து தள்ளினார்கள். எருமைக்குச் சுழி பார்க்கும் வழக்கமே இல்லை. அது ஏறவும் மறுத்துவிட்டது. சாயங்காலம் வரை தண்ணீரிலேயே கிடந்தது.

ஏறி வந்த மாடுகளை எண்ணினேன். எல்லாவற்றுக்கும் சுழி அப்படியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. சொந்தக்காரர்கள் காதில் உள்ளதைச் சொன்னேன். "இன்னைக்குத்தானே முழுகிருக்குது, மெதுவாத்தானுங்க போகும்" என்றார்கள். மாட்டைத் தட்டிக் கொடுத்து, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மாசிக்கு மறுபடி கொண்டுவருவார்களாம். அதுவரை மேயட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்து மணிக்கு லாரி கிளம்பியது. பாவாயி என் பக்கத்தில் தும்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரிக்குள் இறக்காமல் நின்றவற்றைப் பார்த்துவிட்டு, "அதுகளுக்கு எதாச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்றாள்.

எனக்கு அந்த மாடுகளைத் தெரியும். முதல் நாள் நானே எண்ணி, நானே கொம்பில் மஞ்சள் கயிறு கட்டினவை. கயிறு அப்படியே இருந்தது. சுழியில் ஒரு குற்றமும் இல்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். இருக்கிற குற்றம் போய்விட்டது என்றால் சொல்லலாம். இல்லாத குற்றத்துக்கு என்ன சொல்வது?

இருக்கட்டும், நானே பையைத் தூக்கிக்கொள்கிறேன். லாரியில் ஏறினது மொத்தம் பதினேழு, தம்பி. இறங்கினது பதினான்கு. மிச்சம் மூன்று.